கோயில் மண்டபத்தில் வாக்குப் பெட்டி

தேத்தண்ணிக்கு இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை, குடியுங்கள் தம்பி பவித்திரன், தொண்டைக்கு நல்லது. இந்த ஜனவரிக் குளிரில் கிங்ஸ்பரியில் இருமாத ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். சின்னம்மா போட்ட தேத்தண்ணி அது. இந்த வீட்டில் இஞ்சி இடிப்பதும் சின்னம்மாதான், எனக்குச் சோறு போடுவதும் சின்னம்மாதான், சட்டைக்குப் பொத்தான் தைப்பதும் சின்னம்மாதான். என் மனைவி தவமலர் கண்ணை மூடிய பிறகு சின்னம்மா மட்டும் இல்லையென்றால் நான் கடையில் விற்கிற பாண் ரொட்டியைத் தின்று காய்ந்து போயிருப்பேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

நீங்கள் வந்த காரணம் எனக்குத் தெரியும். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "நம்ம ஓட்டெல்லாம் எங்க போச்சு அங்கிள்?" என்று கேட்டுவிட்டீர்கள். மலேசியாக்காரர் நேரே விசயத்துக்கு வந்துவிடுகிறீர்கள், நல்ல பழக்கம். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றால் மழையைக் கதைத்து, பிள்ளையின் பள்ளிச் சோதனையைக் கதைத்து, யாரோ வாங்கிய வீட்டின் விலையைக் கதைத்து, எழும்பிப் போகிற நேரம் கதவைப் பிடித்துக்கொண்டுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். ஆகவே நானும் உங்கள் வழக்கப்படியே சொல்கிறேன். வாக்குகள் எங்கும் போகவில்லை. அவரவர் கையிலேயே இருந்தன. இருத்தி வைத்தது நான்தான்.

கோப்பையை வைத்துவிடாதீர்கள், ஆறிவிடும். தர்மேந்திரனுக்குத் தேர்தல் ஏஜென்ட் என்று நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? வழக்கறிஞர் வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் படி ஏறி இறங்கினீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. தர்மேந்திரன் மேலும் இல்லை. நடந்ததை ஆற அமரச் சொல்கிறேன், கேட்டபிறகு நீங்களே, "அங்கிள் செஞ்சது நியாயம்" என்பீர்கள்.

தர்மேந்திரன் எண்பத்து நாலில் ஹீத்ரோவில் இறங்கும்போது அவனிடம் இருந்தது ஒரு பையும் என் விலாசமும்தான். என் அறையில், என் கட்டிலுக்குக் கீழே, நிலத்தில் படுத்தான். பஸ் ஏறப் பழக்கியது நான். பெற்றோல் அடிக்கிற செட்டில் முதல் வேலை எடுத்துக் கொடுத்தது நான். பிரமிளாவைப் பெண் பார்த்து, சாதகம் பொருத்தி, தாலிக்குப் பொன் உருக்கும்போது பக்கத்தில் நின்றதும் நான். இன்றைக்கு அவனுக்கு மூன்று பெற்றோல் செட். எனக்கு அதே ஒரு பலசரக்குக் கடை. அதில் எனக்கு எரிச்சல் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். ஏற்றிவிட்ட ஏணி கீழேதான் நிற்கும், அது உலக வழக்கம்.

எங்கள் வார்டின் பழைய கவுன்சிலர் காலமாகி இடைத்தேர்தல் வந்ததும், தர்மேந்திரன் சுயேச்சையாய் நிற்கிறான் என்ற செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? கதவில் கடிதம் போடுகிற பொந்தால் ஒரு துண்டுப்பிரசுரம் விழுந்தது. பீட்சாக் கடைக் கடதாசிக்கும் சோபா மலிவு விற்பனைக்கும் நடுவில் கிடந்து இவன் சிரிக்கிறான். மேலே எழுதியிருக்கிறது, 'அன்புள்ள வாக்காளரே' என்று. நான் வாக்காளர். கட்டிலுக்குக் கீழே இடம் கொடுத்த நான் வாக்காளர்.

உங்களுக்கு இது விளங்காது, உங்கள் பக்கத்து வழக்கம் வேறு. எங்களிடம் ஒரு நல்ல காரியம் என்றால் வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும். வந்து, இருந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, "அண்ணை, இப்பிடி ஒரு காரியம் வைச்சிருக்கிறன், நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்" என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னால் உயிரையும் கொடுப்போம். சொல்லாமல் கார்டைத் தபாலில் போட்டால் கூடப்பிறந்தவன் கலியாணத்துக்கும் போகமாட்டோம். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். பிரசர் இருக்கிறது, கோபப்படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், ஆகவே நான் கோபப்படுவதில்லை. அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு அமெரிக்காவிலிருந்து ஞானம் வந்தது. பிரமிளாவின் தம்பி ஹரிசனை உங்களுக்குத் தெரியும், ஸ்கைப்பில் பார்த்திருப்பீர்கள். மேரிலாந்தில் இருக்கிறான். அங்கே கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரியாம். அதற்கு எக்ஸிகியூட்டிவ் என்று ஒரு தலைவர், எங்கள் ஊர் அரசாங்க அதிபரைப் போல. ஆனால் அங்கே அவரைச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது. முந்திய வருடம் அப்படி ஒரு தேர்தலில் யாரோ ஒரு வேட்பாளருக்காக ஹரிசன் கதவு தட்டப் போனானாம், அந்த ஆள் வென்றும் விட்டாராம். அன்றைக்குத் தொடங்கினது பண்டிதத்தனம். முற்றத்தில் பெயர்ப்பலகை நாட்டு என்றான். குப்பை வாளி வைக்கவே இடமில்லாத எங்கள் வாசல்களில் முற்றத்துக்கு எங்கே போவது? ரோசாப் பூச்சாடிகளில் குத்தி வைத்தீர்கள். என் பக்கத்து வீட்டு ஐரிஷ் மனுசி, தர்மேந்திரன் என்பது ரோசாவின் இனம் என்று நினைத்து எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

அதையெல்லாம் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் ஹரிசன் இன்னொன்றும் சொன்னான். வாக்குப் பெட்டி உன்னுடைய சனம் தினமும் போய்வருகிற இடத்தில் இருக்கவேண்டும், கவுண்டித் தேர்தலில் அவர்கள் அதைத்தான் செய்தார்கள், பாதி வெற்றி அதிலேதான் என்றான். வழக்கமாய் வாக்குப் பெட்டி வைக்கிற நூலகத்தில் கூரை ஒழுகி, கவுன்சில் வேறு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். தர்மேந்திரன் ஓடிப்போய் எங்கள் வைரவர் கோயில் மண்டபத்தைக் காட்டினான். கார் விடலாம், சக்கர நாற்காலிக்குச் சரிவு இருக்கிறது, கோயில் வேறு மண்டபம் வேறு என்றெல்லாம் சொன்னான். கவுன்சில் பெண்மணி வந்து பார்த்து, வைரவரின் வடையில் இரண்டைச் சாப்பிட்டு, சரி என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று எங்கள் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் கோயில் முன்பு கம்பளக் கிட்டங்கி, தெரியும்தானே. வாசல் ஒன்றுதான். மண்டபத்துக்குப் போவதென்றால் வைரவருக்கு நேரே, அவர் மூக்குக்கு முன்னால் நடந்துதான் போகவேண்டும். அது மட்டுமா, தபால் வாக்கு ஒருவரும் கேட்கவேண்டாம் என்று ஹரிசன் தடுத்துவிட்டான். எல்லாரும் பட்டுச் சேலையும் வேட்டியுமாய் வரிசையில் நிற்கவேண்டும், அதைப் பத்திரிகைக்காரன் படம் எடுக்கவேண்டும், அந்தப் படத்தைப் பார்த்து மற்றவனும் வந்து வாக்குப் போடுவான் என்று ஏற்பாடு. தர்மேந்திரன் வென்று வந்ததும் கோயில் வாசலிலேயே ஆராத்தி எடுக்கச் சின்னம்மா என்றும் முடிவாகிவிட்டது. அதை மட்டும் பிரமிளா வந்து சொன்னாள். சின்னம்மாவிடம் சொன்னாள். நான் கூடத்தில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது துடக்கைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் உங்களுக்குப் பிடிபடாது. எங்களில் ஒருவர் செத்தால் அவருடைய இரத்த உறவுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த முப்பத்தொரு நாளும் கோயில் வாசல்படி மிதிக்கக்கூடாது, நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. துடக்கு வந்தது யாருக்கு, வராதது யாருக்கு என்று பார்க்கச் சொந்தத்தின் வேர் தெரியவேண்டும். எங்கள் வார்டில் இருக்கிற தமிழரில் முக்கால்வாசி ஒரே ஊர். ஒருவர் வந்து அறை எடுத்து, தம்பியைக் கூப்பிட்டு, தம்பி மச்சானைக் கூப்பிட்டு, அப்படியே வந்து சேர்ந்த கூட்டம். யார் யாருக்கு எந்த வழியில் பங்காளி என்று தலைக்குள்ளே வைத்திருக்கிற ஆள் இந்த லண்டனில் இப்போது நான் ஒருவன்தான். கோயில் ஐயரைப் போய்க் கேட்டால் அவரும், "அதை மகாலிங்கத்தாரிட்டைக் கேளுங்கோ" என்றுதான் சொல்லுவார். நான் துடக்கு என்றால் துடக்கு.

ஆக, ஒரு சாவு தேவைப்பட்டது. எல்லாருக்கும் உறவுமுறையான ஒரு மூத்த தலை.

பயப்படாதீர்கள். நான் ஒரு எறும்பையும் மிதித்துக் கொல்லாதவன்.

சின்னம்மாவின் கதை உங்களுக்குத் தெரியாது. பவளக்கொடி என்று பெயர். என் அப்பாவின் கடைசித் தம்பி ஜீவரத்தினம், அவருடைய மனைவி. சித்தப்பா எழுபத்தைந்தாம் ஆண்டு கிரேக்கக் கப்பலில் வேலைக்கு என்று கொழும்பில் ஏறினார். இரண்டு தீபாவளிக்குச் சேலை வந்தது. பிறகு சேலையும் இல்லை, செய்தியும் இல்லை. பிள்ளையும் இல்லை. பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால் தர்ப்பையில் உருவம் செய்து கருமம் முடித்துவிடலாம் என்று ஊரில் எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள். சின்னம்மா அசையவில்லை. "அவர் செத்தா எனக்குத் தெரியும், நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்பார். தொண்ணூற்றிரண்டில் என்னிடம் வந்து சேர்ந்தபோதும் நெற்றியில் ஒரு சதக் காசு அளவு குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, வெள்ளிக்கிழமை தலைமுழுகிப் பூ. இங்கே எந்தக் கலியாணம் என்றாலும் ஆராத்தி எடுக்க முதலில் கூப்பிடுவது சின்னம்மாவைத்தான். முப்பத்திரண்டு வருடம் புருசன் இல்லாமலே பொட்டைக் காத்த கை, ராசியான கை என்று. அந்த ஆராத்தித் தட்டைப் பிடிக்கும்போது பார்க்கவேண்டும் நீங்கள், ஊரையே ஆளுகிற மாதிரி நிற்பார்.

தேர்தலுக்குச் சரியாய் இரண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கையில், தபால் வாக்குக் கேட்கிற கெடுவும் முடிந்த பிறகு, நான் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து, சித்தப்பா மோசம் போய்விட்டார் என்று சொன்னேன்.

சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், சவர்க்காரம் போட்டு நன்றாய்க் கழுவினார்.

"ஆர் சொன்னது?"

"கிரேக்கத்தில இருந்து கடைக்கு ரெலிபோன் கோல் வந்தது சின்னம்மா."

"கப்பலிலயோ?"

"இல்லை, கரையில. அங்கயே அடக்கம் பண்ணிப்போட்டினமாம்."

"என்னைக் கேட்டவராமோ?"

"ஓம். உங்களைத்தான் கேட்டவராம்."

இதில் எத்தனை உண்மை, எத்தனை மற்றது என்று நீங்கள் வழக்கறிஞர் மூளையால் எண்ணுவீர்கள். கோல் வந்தது உண்மை. கிரேக்கத்திலிருந்து வந்ததும் உண்மை. கேட்டதும் உண்மை. ஒன்றே ஒன்றுதான் நான் சேர்த்தது.

சின்னம்மா அழவில்லை. தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, "இதைக் கழட்டி அவற்ர நெஞ்சில வைக்கிறதுதான் முறை. நான் ஆரின்ர நெஞ்சில வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார். மேசையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். பிறகு குழாயடியில் போய் நெற்றியைக் கழுவிக்கொண்டு வந்தார். பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்துப் போய் வட்டமாய் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, தேத்தண்ணி கொண்டுவரும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு மீன் சமைக்கவில்லை. நான் பாணும் சம்பலும் சாப்பிட்டேன், அதையும் சொல்லவேண்டும்.

தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் கொடுத்தேன். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று தொடங்கி, மருமக்கள், பெறாமக்கள், ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட எல்லாரையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். வாசித்த பிள்ளைக்கு நடுவில் மூச்சு வாங்கியது. அடுத்த நிமிடம் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"மகாலிங்கண்ணை, எங்களுக்கும் துடக்கோ?" என்று மங்கை கோல் எடுத்தாள்.

"உன்ர தாய்வழிப் பாட்டனும் சித்தப்பாவின்ர தகப்பனும் ஆர் எண்டு நினைக்கிறாய்?"

"ஐயோ, அப்ப எங்களுக்கும்தான்."

"ஓம் பிள்ளை, உங்களுக்கும்தான்."

தாய்வழிக்கு உண்மையில் அவ்வளவு இல்லை. ஆனால் சந்தேகம் என்று வந்தால் துடக்கு என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு, சாமி விசயம் பாருங்கள். அம்பலவாணன் எடுத்தார், அவருக்கும்தான். கிருஷ்ணமூர்த்தி தனக்கு ஒரு சொந்தமும் இல்லை, தான் வேறு ஊர் என்று வாதாடினார். அவருடைய மனைவியின் வழியால் ஒரு சின்ன வேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்த மனுசனுக்குச் சந்தோசம்கூட, இத்தனை வருடமாய் எங்களில் ஒருவராய் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று மனக்குறை இருந்ததாம். அந்தக் கிழமை நான் சேர்த்து வைத்த சொந்தங்கள் கொஞ்சமல்ல, தம்பி. முகம் பார்க்காமல் இருந்தவர்கள்கூட இந்த வீட்டுக்கு வந்து ஒன்றாய் இருந்து அழுதுவிட்டுப் போனார்கள். தர்மேந்திரனும் வந்தான். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே வரலாம், அதுவும் எங்கள் வழக்கம். வந்து, சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். தேர்தலைப் பற்றி அப்போதும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

வாக்களிப்பு நாள் உங்களுக்கே தெரியும். நீங்கள் மண்டபத்துக்குள் இருந்து காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வெள்ளைக்காரர் வந்தார்கள், குஜராத்திகள் வந்தார்கள், சோமாலியப் பெண்கள் வந்தார்கள். எங்கள் சனமும் வந்தது, வராமல் இல்லை. வந்து, தெருவுக்கு அந்தப் பக்கத்து நடைபாதையில் தூறலில் குடையோடு நின்றது. அங்கே வந்து நின்ற பிறகுதான் ஒவ்வொருவருக்கும் தலையில் அடித்தது, வாக்குப் பெட்டி இருப்பது கோயிலுக்குள்ளே என்று. போட்டால் பாவம், போடாவிட்டால் தர்மேந்திரன். அம்பலவாணன் கவுன்சிலுக்குக் கோல் எடுத்து, பெட்டியைக் கொஞ்சம் வெளியே தூக்கி வைக்க ஏலுமோ என்று கேட்டாராம். ஏலாது என்றார்களாம். உள்ளே போன ஒரே ஆள் பியற்றிஸ் அக்கா. வேதக்காரி, அவவுக்கு வைரவரோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. வாக்கைப் போட்டுவிட்டு வைரவருக்கும் ஒரு சிலுவை போட்டுவிட்டு வந்ததாய்க் கேள்வி.

பிறகு தர்மேந்திரன் கார் கொண்டுவந்து நிறுத்தினான். நீல நிறக் கோட், நெஞ்சில் மாம்பழ நிறத்தில் பட்டி. என்னைக் கண்டதும் நேரே வந்தான்.

"மகாலிங்கண்ணை, எனக்கும் துடக்கோ?"

"உன்ர அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பாட்டன்ர பேரப்பிள்ளையள். உனக்கில்லாத துடக்கு வேற ஆருக்கு?"

"மண்டபம் கோயில் இல்லைத்தானே அண்ணை?"

"அது நீ சொல்லவேணும் தம்பி. கவுன்சிலுக்கு நீதானே சொன்னனீ, கோயில் வேற மண்டபம் வேற எண்டு. போறதெண்டாப் போ. மறிக்க நான் ஆர், வெறும் வாக்காளர்."

அவன் தெருவைக் கடந்தான். சனம் முழுவதும் குடையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றது. சரிவில் ஒரு காலை வைத்தான், உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வைரவரும் அவருடைய நாயும் தெரிந்திருக்கும். காலை எடுத்துவிட்டான். திரும்பி வந்து எங்களோடு நடைபாதையில் நின்றான். தனக்கே ஒரு வாக்குப் போட ஏலாத வேட்பாளனை அமெரிக்காவில் எந்தக் கவுண்டியிலாவது கண்டிருப்பானா அந்த ஹரிசன்? அறுபத்தொரு வாக்கால் தோற்றான். நடைபாதையில் நின்றவர்கள் அதைப்போல நாலு மடங்கு.

எனக்குப் பாவமாய்த்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் அவன் என் பக்கத்தில் வந்து, "அண்ணை, என்ன செய்யலாம்?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், துடக்குக் கழிக்க ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருப்பேன். மஞ்சள் தண்ணி தெளித்தால் போதும் என்றிருப்பேன். கேட்கவில்லை.

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. கோல் வந்தது உண்மை, கிரேக்கம் உண்மை, பிறகு எது பொய் என்று. சரி, அதையும் சொல்கிறேன், கதவை மட்டும் கொஞ்சம் சாத்துங்கள்.

நான் வருடா வருடம் கடைக்குக் கலண்டர் அடிக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளையார் படம், கீழே என் பெயர், கடை நம்பர். அது எப்படியோ யாரோ ஒரு மாலுமிப் பொடியனோடு போய், கிரேக்கத்தில் ஒரு துறைமுகத்து ஊரில், வயது போன கப்பல்காரர்கள் இருக்கிற விடுதிச் சுவரில் தொங்கியிருக்கிறது. செப்டெம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை, அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிற நேரம் கோல் வந்தது.

"மகாலிங்கமோ? எங்கட மூத்தண்ணையின்ர மகன் மகாலிங்கமோ? நான் ஜீவரத்தினம் கதைக்கிறன்."

ஓம், அவரேதான். ஏதோ கடத்தலில் பிடிபட்டு மறியலில் அடைபட்டுக் கிடந்தாராம், பிறகு வெட்கத்தில் எழுதவில்லையாம், பிறகு எழுத முகமில்லையாம். நீளமான கதை. மூட்டை எண்ணவேண்டியிருந்ததால் எல்லாம் காதில் விழவில்லை. கடைசியில் கேட்டார், "பவளம் இருக்கிறாவோ? நான் வந்தா முகத்தைப் பார்ப்பாவோ?"

அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை, சத்தியமாய் இல்லை. சின்னம்மாவைத்தான் நினைத்தேன். அறுபத்தெட்டு வயது. இவர் வந்தால் இரண்டு பேருமாய்க் கவுன்சில் வீடு ஒன்று கேட்டுத் தனியே போவார்கள். அந்த வயதில் சின்னம்மா ஒரு நோயாளிக் கிழவனுக்கு இஞ்சி இடித்து, சோறு போட்டு, பொத்தான் தைத்துக்கொண்டு இருக்கவேண்டுமா? பாவம்தானே. ஆகவே சொன்னேன்.

"சின்னம்மா மோசம் போட்டா சித்தப்பா. போன வருசம்."

அவர் "பொட்டோடயோ போனவ?" என்று கேட்டார்.

"ஓம் சித்தப்பா. பொட்டோடதான்."

அது அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று குரலில் தெரிந்தது. கேட்ட அன்றிலிருந்து அவரும் அங்கே முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தாராம், மச்சம் மாமிசம் இல்லாமல். கிரேக்கத்தில் அது லேசான காரியமில்லை. பிறகுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. ஒருவரைச் செத்தவர் என்று ஆக்கிவிட்டு மற்றவரை மட்டும் காத்திருக்க விடுவது அநியாயம் அல்லவா? சமமாய் இருக்கவேண்டும். தேர்தலும் கிட்ட வந்துவிட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஏன் எழும்புகிறீர்கள், இருங்கள். சின்னம்மாவிடம் போய்ச் சொல்லப் போகிறீர்களா? சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் சொல்லி முடிக்கவில்லை, நல்ல பகுதி இனித்தான் வருகிறது. சித்தப்பாவுக்கு வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பார். வேறு ஆர் எடுத்தாலும் பேர் சொல்லவேண்டாம், முப்பது வருடம் எங்கே போனாய் என்று சனம் பிடுங்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கார்த்திகை மாதம் ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்க, சின்னம்மா எடுத்துவிட்டார். நான் ஈரத்தோடு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வைக்கிறார்.

"ஆரோ வயசாளி மகாலிங்கம், உன்ர கலண்டர் பார்த்துப் பழக்கமாம். மனிசி மோசம் போட்டாவாம், இன்னும் ஆறேல்லையாம். நானும் சொன்னன், என்ர மனிசனும் இப்பத்தான் போனவர் எண்டு. பாவம், நல்ல மனிசன். என்னவோ கனகாலம் பழகின மாதிரிக் கிடக்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் கோல் எடுப்பார், சின்னம்மா பேசுவார். நான் குறுக்கே போவதில்லை. அவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லி அழுவார், இவர் தன் புருசனைப் பற்றிச் சொல்லி அழுவார், பிறகு இரண்டு பேரும் கறி வைக்கிற முறை கதைப்பார்கள். பேர் ஊர் கேட்டுக்கொள்வதில்லை, கேட்டால் தொடர்ச்சி விட்டுப்போகும் என்று பயமோ என்னவோ. போன கிழமை சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தா, அடிக்கிறது. எடுக்கவேண்டாம் தம்பி, சின்னம்மா வருகிறார். தலை சீவி, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வருகிறார் பார்த்தீர்களா? முப்பத்திரண்டு வருடமாய் யாராலும் ஏலாத காரியம், புருசனையும் மனைவியையும் கதைக்க வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் நான் நன்றி எதிர்பார்க்கிற ஆள் இல்லை. நீங்கள் போகிற வழியில் தர்மேந்திரனிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை நிற்பதென்றால் வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொல்லட்டும். சொல்லவேண்டியதை உரிய ஆளுக்குச் சொல்லாமல் விட்டால் ஒரு மனிசருக்கு எவ்வளவு நோகும் என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.